மழையைக் கணக்கில் தேடிய சிம்லா துரை

புனே நகரில் சிவாஜிநகர் பக்கம் டவுன் பஸ்ஸில் போகிறவர்களுக்கு சிம்லா ஆபீஸ் என்ற பெயர் பழக்கமானது. கண்டக்டர் அந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு கூட்டம் இறங்கும். இமயமலையில் இருக்கும் சிம்லாவுக்கும் தக்காணத்தில் இருக்கும் புனேவுக்கும் என்ன சம்பந்தம் என்று இறங்குகிறவர்களில் பலர் யோசிப்பதில்லை. கடிகாரக் கோபுரத்துடன் அங்கே நிற்கும் பெரிய கல் கட்டடம் இந்திய வானிலை இலாகாவைச் சேர்ந்தது. இலாகாவின் தலைமை அலுவலகம் 1928-ல் சிம்லாவிலிருந்து புனேவுக்கு வந்தது. சில ஆண்டுகளுக்குப் பின் அது டில்லிக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

சிம்லாவில் இருந்த காலத்தில் அந்த அலுவலகத்தை 20 ஆண்டுகள் நடத்தியவர் சர் கில்பர்ட் வாக்கர். கணித மேதை ராமானுஜத்தின் வாழ்க்கையைப் படித்தவர்கள் இந்தப் பெயரை ஓரிடத்தில் சந்தித்திருப்பார்கள். சென்னைத் துறைமுக ஆபீசில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜத்துக்காகச் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதிய துரை இவர்தான். ஆனால் இவருடைய சொந்த வேலை என்ன, அதில் இவர் வென்றாரா தோற்றாரா என்பது பலருக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கவே அவர் இறந்து பல ஆண்டுகள் ஆயின.

கணக்கில் முதல்வர்

கில்பர்ட் தாமஸ் வாக்கர் 1868-ம் ஆண்டு ஜூன் 14-ந் தேதி இங்கிலாந்தில் ராச்டேல் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் இன்ஜினீயர். எட்டுக் குழந்தைகள் உள்ள குடும்பம். கில்பர்ட் உபகாரச் சம்பளம் பெற்று லண்டன் செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தார். பிறகு கேம்பிரிட்ஜில் டிரினிடி கல்லூரியில் சேர்ந்தார். 1889-ல் கணிதப் பரீட்சையில் சர்வகலாசாலையிலேயே முதல்வராகத் தேறினார். அப்படித் தேறியவரை சீனியர் ராங்ளர் என்பார்கள். பத்து ஆண்டுகள் கழித்து, 1899-ல், அதே ஸ்தானத்தைப் பெற்ற முதல் இந்தியர்தான் புனே பெர்குசன் கல்லூரியின் புகழ்பெற்ற ராங்ளர் பராஞ்ச்பே.

இடைவிடாத படிப்பு வாக்கரின் உடம்பைக் கெடுத்தது. குளிர்காலங்களை சுவிட்சர்லாந்தில் கழித்து மெல்லத் தேறினார். மலைக்காற்றில் இருந்தபோது பனிக்கட்டி மீது சறுக்கி விளையாடப் பழகிக்கொண்டார். அவருக்கு இப்படிப் பல ஆசைகள் உண்டு. புல்லாங்குழல் வாசிப்பார். குழலின் துளைகளை எப்படி அமைத்தால் சுருதி சுத்தமாக வரும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்பார். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் எறியும் பூமராங் என்ற வளைதடியில் அவருக்குத் தனி மோகம். பார்ப்பதற்கு நம் சிவகங்கைச் சீமையின் வளரி போல இருக்கும் அந்தத் தடி, எறிந்தவரிடமே எப்படித் திரும்பி வருகிறது என்பதை ஆராய்ந்து கட்டுரை எழுதினார். கேம்பிரிட்ஜில் அவருக்கு பூமராங் வாக்கர் என்றே பெயர் விழுந்தது.

கல்லூரியில் ஆசிரியர் பதவி, விஞ்ஞானிகள் மத்தியில் நல்ல பெயர், பரிசு எல்லாம் அவருக்கு இருந்தன. வானிலை பற்றி மட்டும் அவர் எதுவும் படித்திருக்கவில்லை. அப்படிப்பட்டவரைத்தான் இந்திய வானிலை இலாகா தேடி அழைத்தது.

பஞ்சம் வைத்த கேள்வி

தாது வருஷப் பஞ்சம் என்று தமிழ்நாட்டுக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பஞ்சம் 1876-லிருந்து 1878 வரை நீடித்தது. சென்னை ராஜதானி, மைசூர், ஹைதராபாத், பம்பாய் ராஜதானி ஆகிய இடங்களில் ஐம்பது லட்சத்துக்கும் அதிகமானோர் மடிந்தார்கள் என்பது மதிப்பீடு. மழை பொய்த்தது மட்டும் இதற்குக் காரணமில்லை. மக்கள் பசியால் விழுந்து கொண்டிருந்த நாளிலும் தானிய மூட்டைகள் ரயிலேறித் துறைமுகம் போய்க் கப்பலில் ஏறின. சர்க்கார் கொடுத்த நிவாரணமோ போதவில்லை.

பஞ்சத்துக்குச் சற்று முன்பு, 1875-ல், வானிலை இலாகா ஆரம்பமாகியிருந்தது. அதன் தலைவர் ஹென்றி பிளான்போர்டிடம் சர்க்கார் ஒரே கேள்வியைக் கேட்டது. அடுத்த பருவமழை எப்படியிருக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? இமயமலையில் பனி அதிகமாக விழுந்த ஆண்டில் பின்னால் வரும் மழை குறைகிறது என்று பிளான்போர்டு கண்டார். அதை வைத்து 1886-லிருந்து ஒழுங்காக மழை ஜோசியம் வெளியாயிற்று. அவருக்குப் பின் வந்த ஜான் எலியட் மேலும் பல அறிகுறிகளைச் சேர்த்துப் பக்கம் பக்கமாக அறிக்கை எழுதினார்.

1899-ல் மழை நன்றாக இருக்கும் என்று எலியட் அறிவித்தார். அந்த ஆண்டு மழை அடியோடு பொய்த்தது. விக்ரம ஆண்டு 1956-ல் வந்ததால் குஜராத், ராஜஸ்தான் மக்கள் சப்பனியா என்று பெயரிட்ட பெரும் பஞ்சம் அதுதான். பத்திரிகைகள் இலாகாவைக் கண்டித்தன. ஜோசியம் ரகசியமாக்கப்பட்டது. ஓய்வு பெறும் தறுவாயில் இருந்த எலியட், தமக்குப் பின் கணிதம் தெரிந்த ஒருவர் வர வேண்டும் என்று விரும்பினார். 1904-ல் வாக்கர் அந்த நாற்காலியில் அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது 35.

குமாஸ்தாக்களின் கணக்கு

வந்தவர் உடனே மழைக்குக் காரணம் கண்டுவிட்டதாகச் சொல்லவில்லை. காற்றும் கடலும் எப்படி வேலை செய்கின்றன என்று கணக்குப் போட அன்றைய விஞ்ஞானத்துக்கு வழி தெரியாது. ஆகையால் முதலில் புள்ளிவிவரங்களைச் சேர்ப்பது, எது எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று பார்ப்பது, காரணத்தைப் பிறகு தேடுவது என்று அவர் முடிவு செய்தார்.

உலகத்தின் பல மூலைகளிலிருந்து காற்றழுத்தம், வெப்பம், மழை ஆகியவற்றின் பல ஆண்டுக் குறிப்புகள் சிம்லாவுக்கு வந்து சேர்ந்தன. ஒரு பத்தியில் இந்தியாவின் ஆண்டு மழை. பக்கத்துப் பத்தியில் தென் அமெரிக்காவின் காற்றழுத்தம். ஒன்று கூடினால் மற்றதும் கூடுகிறதா, குறைகிறதா, அல்லது இரண்டுக்கும் சம்பந்தமே இல்லையா? ஒவ்வொரு ஆண்டின் எண்ணிலிருந்தும் சராசரியைக் கழித்து, வந்ததை ஒன்றோடொன்று பெருக்கி, கூட்டி, வகுத்தால் ஒரு விடை வரும். இரண்டும் முழுக்க ஒத்துப்போனால் விடை 1. நேர் எதிராகப் போனால் கழித்தல் 1. சம்பந்தமில்லை என்றால் பூஜ்யத்தை ஒட்டி வரும்.

இன்று கம்ப்யூட்டர் இதை இமைப்பொழுதில் செய்துவிடும். அன்று கம்ப்யூட்டர் என்ற சொல்லே கணக்குப் போடும் ஆளைத்தான் குறித்தது. சிம்லா ஆபீசில் அந்த வேலையைச் செய்தவர்கள் இந்தியக் குமாஸ்தாக்கள். முதல் உலகப் போர் வந்ததும் இலாகாவின் வெள்ளைக்கார விஞ்ஞானிகள் சிலர் போர்ப் பணிக்குப் போய்விட்டார்கள். கணக்கு மட்டும் நிற்கவில்லை. ஒரு ஊரோடு மற்றொரு ஊர், ஒரு பருவத்தோடு அடுத்த பருவம் என்று பத்தி பத்தியாக அவர்கள் பெருக்கிக் கூட்டிக் கொண்டே இருந்தார்கள். எங்காவது ஓரிடத்தில் ஒரு எண் தவறினாலும் விடை முழுவதும் தவறிவிடும்.

இவ்வளவு கணக்கில் ஒரு ஆபத்தும் உண்டு என்பதை வாக்கர் உணர்ந்திருந்தார். லட்சம் லாட்டரிச் சீட்டு விற்றால் யாராவது ஒருவருக்குப் பரிசு விழத்தான் செய்யும். பரிசு விழுந்த சீட்டின் நம்பரில் ஏதோ ரகசியம் இருக்கிறது என்று நினைத்தால் அது ஏமாற்றம்தான். அதேபோல நூற்றுக்கணக்கான பத்திகளை ஒப்பிட்டால் சில பத்திகள் தற்செயலாகவே ஒத்துப்போகும். எந்த அளவுக்கு மேல் ஒத்துப்போனால் நம்பலாம் என்பதற்கு 1914-ல் அவர் கடுமையான விதி ஒன்றை வகுத்தார். எலியட் காலத்து அறிகுறிகள் பல அந்த விதியில் தேறவில்லை. சூரியனின் கரும்புள்ளிகளே மழையை ஆட்டி வைக்கின்றன என்று அந்நாளில் பலர் நம்பினார்கள். அதையும் கணக்கில் போட்டுப் பார்த்து, சம்பந்தம் மிகச் சொற்பம் என்று சொல்லிவிட்டார்.

துறைமுகத்தில் ஒரு நாள்

இந்த வேலைகளுக்கு நடுவே, 1913 பிப்ரவரியில், வாக்கர் சென்னைக்கு வந்தார். துறைமுக டிரஸ்டின் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், தம் ஆபீசில் கணக்குப் பிரிவில் இருந்த ஒரு குமாஸ்தாவின் கணித நோட்டை அவரிடம் காட்டினார். குமாஸ்தாவின் பெயர் எஸ்.ராமானுஜம், மாதச் சம்பளம் 30 ரூபாய்.

வாக்கர் அதை ஒதுக்கிவிடவில்லை. பிப்ரவரி 26-ந் தேதியே சென்னை சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். இந்தத் துறை தமக்கு முழுதும் கைவந்த துறை அல்ல என்பதை அதில் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இந்த வேலையின் தரம் கேம்பிரிட்ஜ் கல்லூரி பெல்லோ ஒருவரின் வேலைக்குச் சமமாக நிற்கக்கூடியது என்று கருத்துச் சொன்னார். பிழைப்பைப் பற்றிய கவலையில்லாமல் சில ஆண்டுகளாவது கணிதத்திலேயே முழு நேரமும் ஈடுபட இவருக்குச் சர்வகலாசாலை வழி செய்யலாம் என்று சிபாரிசு செய்தார். கேம்பிரிட்ஜிலிருந்து பேராசிரியர் ஹார்டியின் ஆதரவும் சேர்ந்தது. பட்டம் இல்லாத ராமானுஜத்துக்கு மாதம் 75 ரூபாய் உபகாரச் சம்பளம் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைத்தது. 1914-ல் அவர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

தராசின் இரண்டு தட்டுகள்

பத்தாண்டுக்கும் மேலான கணக்குகளிலிருந்து ஒரு விஷயம் மெல்ல மேலெழுந்தது. பசிபிக் மகா சமுத்திரத்தில் காற்றழுத்தம் உயர்ந்த காலத்தில் இந்துமாக்கடல் பக்கம் அழுத்தம் தாழ்ந்திருந்தது. பசிபிக்கில் தாழ்ந்தால் இந்தப் பக்கம் உயர்ந்தது. ஆயிரக்கணக்கான மைல் இடைவெளியில் இரண்டு சமுத்திரங்களும் ஒரே தராசின் இரண்டு தட்டுகள் போல ஆடின. இந்தத் தட்டு உயர்ந்த ஆண்டுகளில் இந்தியாவில் மழை குறைந்தது. 1924-ல் வாக்கர் இதற்குத் தெற்கு ஊசலாட்டம் என்று பொருள்படும் பெயரைச் சூட்டினார். வட அட்லாண்டிக்கிலும் வட பசிபிக்கிலும் இதே போன்ற வேறு இரண்டு ஊசலாட்டங்கள் இருப்பதையும் எடுத்துக் காட்டினார்.

அதே ஆண்டில் சர் பட்டத்துடன் ஓய்வு பெற்றார். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் 1934 வரை பேராசிரியராக இருந்து ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்.

ஆனால் எந்த வேலைக்காக அவர் இந்தியா வந்தாரோ அது கைகூடவில்லை. அவருடைய சூத்திரங்களை வைத்து இலாகா தொடர்ந்து ஜோசியம் வெளியிட்டது. சில ஆண்டு பலித்தது. சில ஆண்டு பொய்த்தது. இந்தியப் பருவமழையை வைத்துப் பின்னால் வரும் உலக வானிலையைச் சொல்வது சுலபம், உலக வானிலையை வைத்து இந்தியப் பருவமழையைச் சொல்வதுதான் கடினம் என்பதே அவர் கணக்குகளில் தெரிந்த உண்மை. காரணம் சொல்லாமல் எண்களை மட்டும் காட்டுகிறார் என்று விஞ்ஞானிகள் பலர் அவரை நம்பவில்லை. 1958 நவம்பர் 4-ந் தேதி, 90-ம் வயதில் அவர் காலமானார். வானிலை விஞ்ஞானிகள் சங்கத்தின் பத்திரிகையில் வந்த இரங்கல் குறிப்பிலேயே, அவர் எதிர்பார்த்தபடி காரியம் நடப்பதாகத் தெரியவில்லை என்ற தொனிதான் இருந்தது.

பதினோரு ஆண்டுகளுக்குப் பின்

தென் அமெரிக்காவில் பெரு நாட்டு மீனவர்களுக்கு ஒரு அனுபவம் உண்டு. சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் கடல் நீர் வெதுவெதுப்பாகிவிடும், மீன் அகப்படாது. குழந்தை ஏசுவின் பெயரால் அதை எல் நினோ என்று அழைத்தார்கள். கலிபோர்னியாவில் வேலை பார்த்த நார்வே விஞ்ஞானி யாக்கோப் பியர்க்னஸ், இந்த வெந்நீரும் வாக்கரின் தராசும் ஒரே சங்கதியின் இரண்டு பக்கங்கள் என்று 1969-ல் விளக்கினார்.

சாதாரண ஆண்டுகளில் பசிபிக்கின் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, சூடான மேல் நீரை இந்தோனேசியப் பக்கம் தள்ளி வைக்கும். சூடான கடலுக்கு மேல் காற்று எழும்பி மழையாகக் கொட்டும். எழும்பிய காற்று வான் உயரத்தில் கிழக்கே போய் தென் அமெரிக்கப் பக்கம் கீழிறங்கும். அந்தக் கிழக்குக் காற்று தளர்ந்தால் வெந்நீர் கிழக்கே நகர்ந்துவிடும். காற்று எழும்பும் இடமும் கூடவே நகரும். அப்போது இந்தியாவின் மேல் காற்று கீழ்நோக்கி அழுத்துவதால் மேகம் திரள்வது குறைகிறது. இந்தக் காற்றுச் சக்கரத்துக்கு பியர்க்னஸ் வைத்த பெயர் வாக்கர் சுழற்சி. உயிரோடிருந்தபோது கிடைக்காத காரணம், இறந்து பதினோரு ஆண்டுகள் கழித்து அவர் பெயருடனேயே வந்து சேர்ந்தது.

இப்போது 1877-ம், 1899-ம் எல் நினோ ஆண்டுகள் என்று தெரிந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி 2018-ல் ஒரு விஞ்ஞானிகள் குழு விரிவாக ஆராய்ச்சி வெளியிட்டது. அதற்கு முந்தைய சில ஆண்டுகள் பசிபிக் குளிர்ந்து கிடந்தது. 1877-ல் மிகப் பெரிய எல் நினோ எழுந்தது. இந்துமாக்கடலும் அட்லாண்டிக்கும் அதனோடு சேர்ந்துகொண்டன என்று அது காட்டியது. பிளான்போர்டிடம் சர்க்கார் கேட்ட கேள்விக்கு விடையின் பெரும் பகுதி பசிபிக்கில் இருந்திருக்கிறது.

இன்னும் முடியாத கணக்கு

எல் நினோ வந்தால் மழை பொய்க்கும் என்று நேராகச் சொல்லிவிடவும் முடியாது. 1997-ல் மிகப் பெரிய எல் நினோ வந்தும் நாட்டில் பருவமழை சராசரியை ஒட்டியே பெய்தது. 2002-ல் அதைவிடச் சிறிய எல் நினோவுக்கே மழை சராசரியில் 81 சதவீதமாகக் குறைந்தது. இந்துமாக்கடலிலும் மேற்கே ஒரு முறை, கிழக்கே ஒரு முறை என்று கடல் சூடாகித் தனியாக ஒரு ஊசலாட்டம் நடக்கிறது என்பதை சாஜி, கோஸ்வாமி, வினயசந்திரன், யமகட்டா ஆகியோர் 1999-ல் வெளியிட்டார்கள். மேற்குப் பக்கம் சூடான ஆண்டில் அது எல் நினோவின் கேட்டைத் தணிக்கக்கூடும். பசிபிக்கின் நடுவே சூடானால் இந்தியாவுக்குக் கெடுதல் அதிகம், கிழக்கு ஓரத்தில் மட்டும் சூடானால் குறைவு என்று புனே விஞ்ஞானி கிருஷ்ணகுமார் குழுவினர் 2006-ல் காட்டினார்கள். 2023-ல் எல் நினோவின் போது ஆகஸ்ட் மாதம் 1901-க்குப் பின் காணாத அளவுக்கு வறண்டது. ஆனால் செப்டம்பர் மழை கைகொடுத்து, பருவ மழை மொத்தம் சராசரியில் 94 சதவீதத்தை எட்டியது.

மகாராஷ்டிரத்தில் வேலை பார்த்துக்கொண்டு ஊரில் நிலம் வைத்திருக்கும் தமிழர்களுக்கு இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே பெய்வது தென்மேற்குப் பருவமழை; ஊரில் ஏரி நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவமழையால். தென்மேற்கைக் குறைக்கும் எல் நினோ, பெரும்பாலும் வடகிழக்கைக் கூட்டிவிடுகிறது. 2015-ல் நாடு முழுவதும் தென்மேற்குப் பருவமழை 86 சதவீதம்தான். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. பசிபிக் குளிர்ந்தால் கதை திரும்புகிறது. தாது வருஷத்துக்கு முன்பே தமிழ்நாட்டில் வறட்சி தொடங்கிவிட்டதற்கு அப்போது குளிர்ந்து கிடந்த பசிபிக் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

புனேயில் வானிலை இலாகாவின் புள்ளிவிவர மையம் நாடு முழுவதன் மழைக் குறிப்புகளையும் காத்து வருகிறது. பழைய குறிப்புகளும் புதிய குறிப்புகளும் சேர்ந்தால்தான் புதிய ஜோசியத்தைச் சோதிக்க முடியும். வாக்கரின் பெயர் இன்று உலகம் முழுவதும் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. சிம்லா ஆபீசில் அவருக்காகப் பெருக்கிக் கூட்டிய குமாஸ்தாக்களின் பெயர்கள் அவற்றில் இல்லை. ஆனால் அவர்கள் பிழையில்லாமல் போட்ட கணக்கில்தான் இரண்டு சமுத்திரங்களின் தராசு முதன்முதலில் கண்ணுக்குத் தெரிந்தது.